நாலாம் கேங்கின் வண்டிச் சத்தம்

ரயில் ஏன் சத்தம் போட்டுக்கொண்டு போகிறது என்று படித்தவர்களைக் கேட்டால், இரும்பு வெயிலில் நீளும், நீளுவதற்கு இடம் வேண்டும், அதற்காக ஒரு தண்டவாளத்துக்கும் அடுத்த தண்டவாளத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையாத இடைவெளி விடுகிறார்கள், சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது தடக் என்கிறது என்று சொல்வார்கள். அது சரிதான். ஆனால் செங்கமடைக்கும் உப்போடைக்கும் நடுவில், தேரி மணலும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத மூன்று மைல் பாதையை வெயிலிலும் மழையிலும் காத்துவந்த நாலாம் கேங் ஆட்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆகவே இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கேங்கில் பதினோரு பேர். மேஸ்திரி பிலவேந்திரன். கீமேன் ஞானாபரணம். கீமேன் என்றால் தோளில் சுத்தியலும் கையில் ஸ்பேனருமாகத் தினமும் விடிந்ததும் பாதை நெடுகிலும் நடந்து, தளர்ந்ததை இறுக்கி, கழன்றதை அடித்து, இரும்போடு பேசிக்கொண்டே போகிறவர். அந்த மூன்று மைலில் நானூற்று நாற்பது ஜாயிண்டுகள் உண்டு. ஒவ்வொன்றின் குரலும் ஞானாபரணத்துக்குத் தெரியும். நூற்றுப் பதினேழாவது கொஞ்சம் மூக்கால் பேசும் என்பார். முந்நூற்று இரண்டாவது மழைக்காலத்தில் இருமும் என்பார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் ரோஸ் தாளிலும் பச்சைத் தாளிலும் அச்சடித்து ரயில் ஏறி வந்த தொழிற்சங்கத் துண்டறிக்கைகளில் நடந்தது. ஒரு வேலைநிறுத்தத்தில் பதினோரு நாள் ஜெயிலில் இருந்தார், இரண்டு வருடச் சம்பள உயர்வை இழந்தார், அந்த இரண்டையும் மற்றவர்கள் மோதிரம் போடுவதுபோல் போட்டுக்கொண்டு நடந்தார். கேங் சார்பில் மனு எழுதுவது அவர்தான். மனுவில் "தாழ்மையுடன்" என்ற சொல்லை ஒருநாளும் அவர் எழுதியதில்லை. எழுதியதை ஒருவன் திருத்த விட்டதும் இல்லை. கதை அங்கேதான் தொடங்குகிறது.

தெற்கே அந்தப் பக்கத்தில் மாட்டு வண்டிக்குக் கொடுக்கிற கூலிக்குச் சத்தம் என்று பேர். வண்டிச் சத்தம் என்றால் வண்டி வாடகை. சென்னைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வந்ததில்லை.

அந்த வருடம் பங்குனியில், உச்சிவெயிலில், இருநூற்றுப் பன்னிரண்டாவது ஜாயிண்டில் பழைய தண்டவாளத்தைத் தூக்கி மாற்றும்போது இடுக்கி வழுக்கி, ஊர்க்காவலன் என்கிற கேங்மேனின் தொடையில் இரும்பு விழுந்தது. ஆஸ்பத்திரி ஒன்பது மைல். பக்கத்து ஊர் வண்டிக்காரன் சங்கிலிபூதம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான், நின்று கேட்டான்: "ஏத்துததுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கிடுதேன். வண்டிச் சத்தம் யாரு குடுப்பா?" அவனைக் குறை சொல்ல முடியாது. முன்பு மூன்று தடவை ரயில் இலாகா ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான், மூன்று தடவையும் அப்படி ஒரு விதி இல்லை என்று இலாகா கைவிரித்திருக்கிறது, அவனுடைய வண்டியில் பூட்டியிருந்த இரண்டு மாட்டில் ஒன்று இரவல். கேங் ஆட்கள் மடியை அவிழ்த்தார்கள், வேட்டி முடிச்சைத் தடவினார்கள், ஒருவன் கோட்டர்ஸுக்கு ஓடினான். சில்லறை சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஊர்க்காவலனின் ரத்தம் ஜல்லிக் கற்களுக்கு இடையே சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. சில்லறை சேர்ந்தது. அதற்குள் அவன் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் கழிந்ததும் ஞானாபரணம் மனு எழுதினார். மூன்று இரவல் பேனாக்களை மாற்றி, ஏழு தடவை கிழித்து, எட்டாவது தடவை தன்னுடைய வாழ்நாளிலேயே சிறந்தது என்று அவர் நினைத்த வாக்கியங்களை எழுதினார். "வண்டிச் சத்தம் நெடுங்காலமாக எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே இலாகா இந்த வண்டிச் சத்தத்துக்கு உடனடியாக ஒரு முடிவு கட்டியாக வேண்டும்." கோட்டர்ஸ் முன்னால் நின்று உரக்க வாசித்துக் காட்டியபோது, ஊர்க்காவலனின் மனைவி சந்தனமாரி மட்டும், "வாடகைன்னு எழுதினா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வாடகையில உசுரு இல்ல தாயி. சத்தத்துலதான் ஒரு வேகம் இருக்கு," என்றார் ஞானாபரணம்.

இரண்டு மாதம் கழித்து, இலாகாவிலிருந்து அதுவரை வராத ஒன்று வந்தது. பதில். "உங்கள் கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது. நாலாம் கேங் எல்லைக்குள் வண்டிச் சத்தத்துக்கு வரும் திங்கட்கிழமை முதல் முடிவு கட்டப்படுகிறது." அன்று கோட்டர்ஸில் எல்லா வீட்டிலும் கருப்பட்டிக் காபி போட்டார்கள், பிலவேந்திரன் அரளிப் பூவில் மாலை கட்டி ஞானாபரணத்தின் கழுத்தில் போட்டார், சங்கிலிபூதம் தன் வண்டி அச்சுக்குப் புது மசகு பூசினான். சந்தனமாரி அந்தக் காகிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாததால், கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழரை வண்டி செங்கமடையிலிருந்து வழக்கம்போலக் கூவிக்கொண்டும் இரைந்துகொண்டும் புறப்பட்டு, நாலாம் கேங் எல்லை தொடங்குகிற ஒற்றைப் பனை வரைக்கும் உலகத்துக்கே கேட்கிற மாதிரி வந்து, பனையைத் தாண்டியதும் சத்தத்தைக் கழற்றி வைத்துவிட்டது. நிற்கவில்லை, மெதுவாகவும் போகவில்லை. புகைபோக்கியிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது, டிரைவர் கயிற்றை இழுத்ததும் ஊதலின் வாயிலிருந்து வெள்ளை ஆவி பீறிட்டது, எட்டுப் பெட்டிகளின் சக்கரங்களும் ஜாயிண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டின, ஆனால் கேட்டதெல்லாம் பனை ஓலை உரசுவதும் எங்கோ ஒரு தவிட்டுக்குருவி கத்துவதும்தான். குளத்துத் தண்ணீரில் மேகத்தின் நிழல் போவதுபோல வண்டி போயிற்று. உப்போடைப் பக்கத்து எல்லைக் கல்லைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து இரைச்சலை எடுத்து மாட்டிக்கொண்டது.

பிலவேந்திரன் பச்சைக் கொடியைப் பிடித்தபடி நின்றார். "வே கீமேன், ஒமக்கும் கேக்கலையா, எனக்குத்தான் வயசாயிட்டா?"

ஞானாபரணம் சட்டைப் பையிலிருந்து உத்தரவை எடுத்தார், படித்தார், தன்னுடைய வாக்கியத்தை மனத்துக்குள் மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தார், அப்புறம் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இலாகாவின் உத்தரவுகளை ஆபீசர்கள் மதித்ததில்லை, குமாஸ்தாக்கள் மதித்ததில்லை, எழுதினவனே மறுநாள் மதித்ததில்லை. இரும்பு மட்டும் அதை எழுத்துக்கு எழுத்து மதித்துவிட்டது.

ஒரு வாரம் போனதும் கோட்டர்ஸ்காரர்களுக்கு அது பழகிப்போயிற்று. எது நடந்தாலும் மறுநாள் உலை வைத்துத்தானே ஆக வேண்டும்? தண்டவாளத்தின் தாலாட்டில் வளர்ந்த கைக்குழந்தைகள் முதல் மூன்று நாள் தூங்காமல் அழுதன. தாய்மார்கள் அம்மிக்கல்லைத் தடக் தடக் என்று ஆட்டித் தூங்க வைத்தார்கள். கோழிகள் முட்டையிடுவதற்கு நாலரை வண்டியின் சத்தத்தை நம்பியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. அவை அதன்பின் நினைத்த நேரத்துக்கு, நினைத்த இடத்தில் இட்டன. மாமியாரைத் திட்ட வேண்டியதையெல்லாம் ஏழரை வண்டி போகிற இரண்டு நிமிடத்துக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த மருமகள்கள் இப்போது அடுப்புப் புகையைத் திட்டினார்கள். பெண்டாட்டி செத்து ஆறு வருடம் ஆன பிலவேந்திரன், நாலரை வண்டி போகும்போது மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், சத்தம் அடங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவார். அவர் உள்ளே போய் என்ன செய்தார் என்பது ஊமையாகிப்போன வண்டி கடந்த முதல் நாளில் எல்லா வீட்டுக்கும் கேட்டுவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு நாலு வீட்டிலிருந்து குழம்பு போயிற்று.

வண்டிக்குள் இருந்தவர்கள் கதை வேறு. இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வருகிறவர்களின் குரல், பனையைத் தாண்டியதும் பெட்டி முழுக்கக் கணீரென்று விழும். "எம் மாமனாரு மாதிரி ஒரு கஞ்சப்பயல நீ பாத்திருக்க மாட்ட!" என்று ஒருவன் கத்த, எதிர் பெஞ்சில் இருந்த மாமனார் எழுந்து மேல்துண்டை உதறி அடுத்த பெட்டிக்குப் போனார். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பனை வருவதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டார்கள், மூன்று மைல் தூரத்துக்கு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு வந்தார்கள், இருபது வருடம் கூட வாழ்ந்தவளுடைய மூச்சு இப்படித்தான் இருக்குமா என்று ஆச்சரியப்பட்டு இறங்கிப் போனவர்கள் உண்டு. விஷயம் பரவிற்று. காது இரைகிறவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், பரீட்சை எழுத வேண்டியவர்கள் எல்லாரும் டிக்கெட் எடுத்து வந்தார்கள். உப்போடையில் இறங்கி மறு வண்டியில் திரும்பினார்கள். எல்லைப் பனைக்குக் கீழே ஒருவன் சுக்குக் காபிக் கடை போட்டான். அடுத்த வாரம் யாரோ பனைக்கு மஞ்சள் துணி கட்டினார்கள்.

ஆனால் கேங்மேனுக்குக் காதுதான் முதுகில் இருக்கிற கண். குனிந்து ஜல்லி வெட்டுகிறவன் வண்டியைப் பார்ப்பதில்லை, கேட்கிறான். தண்டவாளம் முதலில் முனகும், அப்புறம் பாடும், அப்புறம் அவன் விலகுவான். இப்போது முனகலும் இல்லை, பாட்டும் இல்லை. பனைக்கு அந்தப் பக்கம் வண்டி இரைவதும் சட்டென்று அறுவதும்தான் அடையாளம். உச்சி சாய்ந்து கடல் காற்று எழுந்தால் அதுவும் கேட்காது. முதல் மாதத்தில் பதினேழு ஆடு போயிற்று. ஆடுகளுக்குத் துண்டறிக்கை அடிக்க யாருமில்லை.

ஊர்க்காவலன் போன பிறகு சந்தனமாரி கேங்குக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை பார்த்துவந்தாள். ஒருநாள் பிற்பகல், தலையில் குடத்தோடு பாதையைக் கடந்து இந்தப் பக்கம் கால் வைத்தாள், பின்னால் இளஞ்சூடாக ஒரு காற்று அடித்தது, முந்தானை பறந்தது. நாலடி நடந்தபின் தலை இலேசாக இருப்பதை உணர்ந்து கையைத் தூக்கிப் பார்த்தபோது சும்மாடு மட்டும் இருந்தது. குடம் இல்லை. திரும்பினாள். கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. பெட்டியின் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில், மீனைக் கொத்தின கொக்கு மாதிரி, ஒரு கொக்கி அவளுடைய பித்தளைக் குடத்தை மாட்டிக்கொண்டு போயிற்று.

அவள் அலறவில்லை. கேங் இருந்த இடத்துக்கு வந்து, "இன்னைக்குத் தண்ணி இல்ல," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஞானாபரணம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். புதுத் துரையைப் பார்க்க விடவில்லை. துரை என்றால் சென்னைப் பக்கத்து இன்ஜினியர். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ வருடமாகியும் அந்தப் பட்டத்தை நாற்காலி விடவில்லை. தலைமை எழுத்தர் நெல்லையப்பன்தான் உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"வாரும்வே ஞானாபரணம். கேட்டது கெடச்சிட்டுல்லா?"

"நெல்லையப்பன், நீரும் நானும் ஒரே ஆத்துத் தண்ணி குடிச்சவங்க. வண்டிச் சத்தம்னா என்னன்னு ஒமக்குத் தெரியாதா?"

நெல்லையப்பன் பேனாவைக் கீழே வைத்தார். கதவுப் பக்கம் பார்த்தார். "தெரியும்."

"பொறவு?"

"அன்னைக்கு முப்பத்தேழு பைலு மேசையில. தொரைக்குப் பைலு இங்கிலீசுல போவணும். கை போன போக்குல நாய்ஸுன்னு போட்டுட்டேன்."

"நாயா? நாய் எங்கவே வந்துச்சு?"

"நாய் இல்லவே, நாய்ஸு. இரைச்சல்னு அர்த்தம். நீரும் ஒழுங்கா எழுதினீரா? முடிவு கட்டு முடிவு கட்டுன்னா என்னத்தக் கட்டுதது? குடுன்னு ஒரு வார்த்த எழுதினா ஒம்ம கை வலிச்சிருமோ?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. பிச்சை கேட்கிற மாதிரி இருக்கும் என்று வாழ்நாள் முழுக்க அவர் தவிர்த்துவந்த சொல் அதுதான். குடு.

"தொரைகிட்டப் போயி தப்பாப் பெயர்த்துட்டேன்னு நான் சொல்ல முடியாது," என்றார் நெல்லையப்பன். "எனக்கு ரிட்டையராக எட்டு மாசம் இருக்கு. நீரு ஒரு வரி எழுதும். மனுவை வாபஸ் பெறுகிறோம்னு. நாளைக்கே வண்டி கத்தும்."

"பொறவு சரியா எழுதி வேற மனு குடுக்கலாமா?"

"வாபஸ் ஆன விசயத்துக்கு மறு மனு இல்ல. ரூலு."

அந்த ஒரு வரியை நெல்லையப்பனே அழகாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போட வேண்டும். ஞானாபரணம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார். பதினோரு நாள் ஜெயிலில் வளையாத முதுகு அந்தக் காகிதத்தின் எடைக்கு வளைந்திருந்தது. கையெழுத்துப் போட்டால் ஊர்க்காவலன் செத்தது வெறும் சாவு. போடாவிட்டால் நாளையோ நாளன்றைக்கோ குனிந்து நிற்கிற ஒருவன் நிமிரப்போவதில்லை.

சந்தனமாரியின் வீட்டு வாசலில் நின்று ஞானாபரணம் விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டுக் கேட்டாள்: "வாபஸ்னா என்ன அண்ணாச்சி?"

"குடுத்ததத் திரும்ப வாங்கிக்கிடுதது."

"அப்ப அவரையும் திரும்பத் தருவாங்களா?"

ஞானாபரணம் அந்தக் காகிதத்தை வெளியே எடுத்தார்.

"போடாதீங்க," என்றாள். "ஆனா இன்னொருத்தி தாலியும் அறுபடக் கூடாது. நான் போயி பனையடியில நிக்கேன்."

மண்ணெண்ணெய் டின் ஒன்றையும் ஒரு போல்ட்டையும் எடுத்துக்கொண்டு அவள் எல்லைப் பனைக்குப் போனாள். வண்டி தலை காட்டியதும் டின்னை அடித்தாள். ஆயிரம் அடி தள்ளி நின்ற பக்கத்து வீட்டு மருமகள் அதைக் கேட்டுத் தன் டின்னை அடித்தாள், அதைக் கேட்டு அடுத்தவள், அடுத்தவள், மூன்று மைலுக்கும் கோட்டர்ஸ் பெண்கள் வரிசையாக நின்று அடித்தார்கள். வண்டி ஊமையாக ஓட, பக்கத்திலேயே டங் டங் டங் என்று அதன் சத்தம் தனியாக நடந்து வந்தது. வண்டி போட வேண்டிய சத்தத்தை மனிதர்கள் போட்டார்கள். அந்த நாட்டில் அது ஒன்றும் புதிதில்லை. ஜன்னலோரம் இருந்தவர்கள் அதைச் சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். மௌனத்துக்காக டிக்கெட் எடுத்தவர்கள் இலாகாவுக்குப் புகார் எழுதினார்கள்.

புகாருக்குப் பதில் சொல்லத் துரையே வந்தார். தண்டவாளத்தின் மேல் நாலு டிராலிமேன்கள் தள்ளுகிற டிராலியில், குடை விரித்து, நாற்காலி போட்டு வந்தார். பனையடியில் நிறுத்தினார்.

"ஏம்மா, இந்தச் சத்தத்தை நிறுத்தத்தானே நீங்க மனு குடுத்தீங்க? நிறுத்தியாச்சு. இப்ப நீங்களே போட்டா என்ன அர்த்தம்?"

"சத்தம் போடலன்னா செத்துருவாங்க ஐயா."

"உத்தரவு உத்தரவுதான்," என்று துரை சொல்லி, டின்னை வாங்கி டிராலியில் தன் காலடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மனு கொடுத்தவர்களுடைய காரியம் கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் அவர் கவலைப்பட்டார். அவருக்குத் தெரிந்த மொழியில் அவர் செய்ததெல்லாம் நியாயம்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது ஜாயிண்டில் சாவி என்கிற இரும்பு ஆப்பை அடித்துக்கொண்டிருந்த ஞானாபரணம் தலை நிமிர்ந்தபோது டிராலி வந்துகொண்டிருந்தது. குடைக்கு மேலே, வெயிலில் நெளிகிற காற்றுக்குள், கறுப்பாக ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. நேரம் காலம் இல்லாத சரக்கு வண்டி. பனையடியில் முதல் டின் இல்லாததால் மற்ற டின்களும் பேசவில்லை. முப்பது வேகன். அது ஒரு கனவு வருவதுபோல வந்தது. டிரைவர் உயிரைக் கொடுத்துக் கயிற்றை இழுப்பது வெள்ளை ஆவியாகத் தெரிந்தது, பிரேக் பிடித்த சக்கரங்களில் தீப்பொறி பூவாகப் பறந்தது, எல்லாம் ஒரு பொட்டுச் சத்தமில்லாமல்.

ஞானாபரணம் சுத்தியலைத் தூக்கித் தண்டவாளத்தில் அடித்தார். அடித்தார், அடித்தார், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அடித்தார். சத்தம் போட வேண்டாம் என்று துரை குடைக்குள்ளிருந்து கையமர்த்தினார். டிராலிமேன்கள் பழைய ஆட்கள். சுத்தியல் ஒரு மாதிரி பேசினால் திரும்பிப் பார்க்காமலே குதிக்கத் தெரிந்தவர்கள். "குதிங்கய்யா!" என்று கத்திக்கொண்டு குதித்தார்கள். துரை திரும்பிப் பார்த்தார், குதித்தார், குடை முதலில் விழுந்தது, அப்புறம் அவர் ஜல்லிச் சரிவில் விழுந்தார், கால் அவர் நினைக்காத பக்கத்துக்கு மடங்கியது. எஞ்சின் டிராலியைத் தொட்டது. நாற்காலியும் பலகையும் இரும்பும் பஞ்சு வெடிப்பதுபோல மெதுவாகப் பிரிந்து காற்றில் எழுந்து பரவின. எதுவும் கேட்கவில்லை. அந்த மண்ணெண்ணெய் டின் மட்டும், அது வண்டியில் சேராது என்பதால், கல்லில் விழுந்து டங்கென்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு உருண்டது.

சரக்கு வண்டி தள்ளிப் போய் நின்றது. கேங் ஓடிவந்தது. துரையின் கால்சட்டை நனைந்து, சிவப்பு ஜல்லிக்குள் இறங்கத் தொடங்கியது. அதே இடம். அதே கற்கள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, சங்கிலிபூதம் வண்டியை ஓட்டிவந்து நிறுத்தினான். அவன் வாயிலிருந்து, அவனறியாமலே, பழக்கதோஷத்தில் அது வந்துவிட்டது.

"வண்டிச் சத்தம் யாரு குடுப்பா?"

எல்லாரும் அப்படியே நின்றார்கள். பிலவேந்திரன் ஞானாபரணத்தின் காதருகே குனிந்தார். "இதான்வே நேரம். எழுதி வாங்கும். எழுதாம ஏத்தாதீரும். இவனுவ நமக்கு எப்பம் இப்பிடிக் கெடைக்கப் போறானுவ?"

ஞானாபரணத்தின் ஒரு கை நுகத்தடியைப் பிடித்திருந்தது. முப்பது வருடம் துண்டறிக்கை படித்து, ஜெயிலில் இருந்து, மனு எழுதி, அவர் காத்திருந்த நிமிடம் காலடியில் முனகிக்கொண்டிருந்தது. இன்னொரு கை சட்டைப் பைக்குப் போயிற்று, காகிதத்தை எடுத்தது. பென்சிலும் எடுத்தது. நுகத்தடியை விடவில்லை.

சந்தனமாரி பனையடியிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்க நின்றாள். ஜல்லியைப் பார்த்தாள். நுகத்தடியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி," என்றாள். "ஏத்துங்க முதல்ல. சத்தம் பொறவு."

இந்த வார்த்தைக்காகத்தான், இவ்வளவு சின்ன வார்த்தைக்காகத்தான், அன்றைக்கு அவள் புருஷன் காத்துக் கிடந்தான். ஞானாபரணம் கையை எடுத்தார். நாலு பேராகத் தூக்கினார்கள். சங்கிலிபூதம் தலைப்பாகையை அவிழ்த்துக் காலில் இறுகக் கட்டினான்.

வண்டியில் வைக்கோலுக்கு மேலே கிடந்த துரை கண்ணைத் திறந்தார். "என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேட்கலையே. என்ன சத்தம் கேட்கிறான்?"

"வாடகைங்கய்யா," என்றாள் சந்தனமாரி. "வண்டிக்குக் குடுக்க கூலி. எங்க ஊர்ல அதுக்குப் பேரு சத்தம். அது இல்லாமத்தான் எங்க வீட்டு ஆளு இதே எடத்துல செத்தாரு. அதத்தான் அண்ணாச்சி எழுதினாரு."

வண்டி அசைந்து புறப்பட்டது. ஞானாபரணம் பக்கத்திலேயே நடந்தார். "உங்க கையில என்ன பேப்பர்?" என்று துரை கேட்டார். அவர் கொடுத்தார். வாபஸ் என்று எழுதியிருந்த பக்கத்தைத் துரை பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், பென்சிலை வாங்கி, குலுங்குகிற வண்டியில், கோணல்மாணலாக எழுதினார். இங்கிலீஷில் இல்லை. "நாலாம் கேங்கில் அடிபட்டவர்களை ஏற்றிச் செல்வோருக்கு இனி இலாகா வண்டிச் சத்தம் கொடுக்கும்." கீழே கையெழுத்துப் போட்டார்.

அவர் கையெழுத்தின் கடைசிக் கோட்டை இழுத்தபோது, நின்றிருந்த சரக்கு வண்டி மெதுவாக நகர்ந்தது. முதல் சக்கரம் அடுத்த ஜாயிண்டைத் தாண்டியது.

தடக்.

பனை உச்சியிலிருந்து காக்கைகள் அத்தனையும் எழுந்தன. கோட்டர்ஸில் தொட்டில்கள் தானாக அமைதியடைந்தன. மாடுகள் காதை விறைத்துக்கொண்டு, அப்புறம் அந்தத் தாளத்துக்கே கால் எடுத்து வைத்து நடந்தன. தடக் தடக், தடக் தடக். பிலவேந்திரன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஞானாபரணம் வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்டார். ஒவ்வொரு ஜாயிண்டும் அவர் எழுத மறுத்த அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு போயிற்று. குடு குடு, குடு குடு, குடு குடு. யார் காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும், வெட்கப்படாமல், சலிக்காமல், ஊர் ஊராக. ரயில் ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்டால் நாலாம் கேங்கில் சொல்வது இதைத்தான்.

நெல்லையப்பன் மரியாதையோடு ரிட்டையரானார். துரை ஒரு காலை இலேசாக இழுத்துக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அதன் பிறகு அந்தப் பாதையில் அடிபட்ட மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார்கள். சங்கிலிபூதத்தின் இரண்டு மாடும் இப்போது சொந்த மாடு.

ஒன்று மட்டும் பாக்கி. துரை எழுதின உத்தரவில் "இனி" என்று ஒரு சொல் இருந்தது. இரும்புக்கு எழுத்துக்கு எழுத்து மதித்துத்தான் பழக்கம். இனி என்பதற்கு முன்னால் ஊர்க்காவலனுக்கு நடந்தது அந்தக் காகிதத்தில் சேரவில்லை. செங்கமடையிலிருந்து உப்போடைக்குப் போகிற வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டால், தடக் தடக் என்று வந்துகொண்டிருக்கிற வண்டி பாதி வழியில் ஓரிடத்தில் ஒரே ஒரு தாளத்தை விழுங்கிவிட்டுப் போவது தெரியும். அது இருநூற்றுப் பன்னிரண்டாவது ஜாயிண்டு. ஞானாபரணம் இருந்தவரை தினமும் அங்கே நின்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார், சந்தனமாரி தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் காது கொடுப்பாள்.

நானூற்று முப்பத்தொன்பது வந்துவிட்டது. அந்த ஒரு சத்தம் மட்டும் இன்னும் வர வேண்டியிருக்கிறது.